தவசி கண் திறந்தபோது

மாங்காய் ஒன்று நான்கு வருடம் பச்சையாகவே தொங்கினால் இப்போதெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழுத்துவிட்டால்தான் புகார் வருகிறது. காலம் அப்படித் தலைகீழாகிவிட்டது.

அந்தப் புகார் ஒரு திங்கட்கிழமை காலை, விரைவுத் தபாலில், கோடு போட்ட நோட்டுத் தாளில் தமயந்தியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

"மதிப்பிற்குரிய பழக் கம்பெனியாருக்கு. உங்கள் எண்ணுக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறார்கள். என் கேள்விக்கு எண் இல்லை. அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுத் தவசி பழுத்துவிட்டது. ஆனால் வரம் பொட்டலம் என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர் கடலுக்குப் போய் நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. பொட்டலம் பிரிக்காமல் தவசி கண் திறக்காது என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். அது நிஜமா? நிஜம் என்றால் அவர் கரைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். பழம் இன்னும் நாலைந்து நாள்தான் தாங்கும். சீக்கிரம் பதில் சொல்லவும். இப்படிக்கு, செலின், சவேரியார்துறை."

தமயந்தி அதை மூன்று தடவை படித்தாள். தவசியை உண்டாக்கியவளே அவள்தான். பதினேழு வருடத்தில் எத்தனையோ கடிதம் பார்த்தவள், இதைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

விற்பனைப் பிரிவு மேலாளருக்கு அந்த மாதிரி வருத்தமெல்லாம் இல்லை. "வேற யாரோ எங்கிருந்தோ பொட்டலம் கொண்டுவந்து பிரிச்சிருக்காங்க மேடம். அப்படின்னு அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. தவசி தானாப் பழுக்குதுன்னு ஒரு பேச்சுக் கிளம்புச்சுன்னா நாம கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். தமயந்தி கோயம்புத்தூரில் ரயில் ஏறினாள்.

தவசியைப் பற்றித் தெரியாதவர்கள் இன்று இருக்க முடியாது. ஆனாலும் அது வருவதற்கு முன்னால் மாம்பழம் என்ன பாடு படுத்தியது என்பதைச் சின்ன வயசுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பறித்தால் பத்து நாள். ஒன்று பழுத்தால் கூடையே பழுக்கும். பாதி லாரியிலேயே அழுகும். விவசாயி தலையில் கை வைத்து உட்காருவான். காலாப்பாடி மாமரத்தின் வம்சத்தில் தமயந்தி ஒரே ஒரு மரபணுவைத் தூங்க வைத்தாள். காய் காயாகவே நின்றுவிட்டது. தோல் சுருங்கவில்லை, நிறம் மாறவில்லை. மாதம் போனது, வருடம் போனது, காய் அசையவில்லை. கண்ணை மூடித் தவம் இருக்கிறது என்று ஆய்வகத்தில் யாரோ விளையாட்டாகச் சொல்ல, தவசி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தவம் கலைக்க, காயோடு ஒரு காகிதப் பொட்டலம் வரும். அதன் பெயர் வரம். பொட்டலத்தைப் பிரித்து, காயோடு ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்தால் நான்காம் நாள் பழம். ஒரு காய்க்கு ஒரு பொட்டலம்தான். தனியாக விற்க மாட்டார்கள்.

விவசாயி பிழைத்தான். அந்த மட்டுக்கும் தமயந்திக்கு நல்ல தூக்கம் வந்தது. ஆனால் காத்திருக்கிற பழம் ஒன்று கையில் கிடைத்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? துபாயில் மகன் இருக்கிற வீட்டில் அவன் வரும் நாளுக்கென்று ஒரு தவசி தொங்கியது. தெற்குக் கடற்கரையில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆழ்கடலுக்கு நாற்பது நாள், ஐம்பது நாள் போகிறவன் புறப்படும்போது ஒரு தவசி வாங்குவான். காயை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகேறுவான். காய் வீட்டில், வரம் கடலில். திரும்பி வந்ததும் அவன் கையால் பொட்டலத்தைப் பிரிப்பான். நாலாம் நாள் வீடே மணக்கும். அறுத்துச் சாப்பிடும்போது கொட்டை அவனுக்குத்தான். இந்த வழக்கத்தை எந்த விளம்பரக்காரனும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமயந்தியின் அலுவலக இழுப்பறையிலும் ஒரு தவசி இருந்தது. அவள் மகள் ஆதிரை பெர்லினுக்குப் போய் ஆறு வருடம். வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று வைத்தது. ஒவ்வொரு சித்திரையிலும் ஆதிரை போனில் சொல்வாள்: "அடுத்த வருசம் கண்டிப்பா வரேம்மா. தவசிதானே, அது எங்க போயிரப் போகுது?" அது போகாதுதான். அதைப் போகாதபடி செய்தவளே தமயந்திதானே!

திருநெல்வேலியில் இறங்கி, திருச்செந்தூர் தாண்டி, இரண்டு பேருந்து மாறி அவள் சவேரியார்துறைக்குப் போய்ச் சேரும்போது செவ்வாய்க்கிழமை உச்சி வெயில். மணலும் கடலும் வானமும் ஒரே வெளுப்பாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. அலைச் சத்தம்கூடத் தூக்கத்தில் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் கேட்காமலே கையை நீட்டினார். "செலினுதான? அந்தா, கவுத்திப் போட்ட வள்ளத்துப் பக்கம்."

வள்ளத்தின் நிழலில் ஒருத்தி மடியில் ஈயப்பாத்திரத்தோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கண் இமை வீங்கியிருந்தது. பாத்திரத்தை மூடிய துணியை விலக்கிக் காட்டினாள். தவசி மஞ்சளாக இருந்தது. மேல் கன்னத்தில் சிவப்புக்கூட ஏறியிருந்தது. தான் உண்டாக்கிய பழத்தை இத்தனை அழகாகத் தமயந்தி ஆய்வகத்தில் பார்த்ததே இல்லை.

"பதினோரு நாள் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தேன் மேடம். எங்க வீட்டுக்காரவியளுக்காவ நேர்ந்துக்கிட்டு. திரும்பி வந்து கதவத் தொறந்தா இப்படி இருக்கு" என்றாள் செலின். "ஊருல ரெண்டு கட்சியா நின்னு பேசுதாவ. ஒரு கட்சி அவிய ஆவி வந்து தொட்டுட்டுன்னு. இன்னொரு கட்சி மாதா செஞ்ச புதுமை, அற்புதம்னு. நீங்க படிச்சவிய, நீங்க சொல்லுங்க. பழம் எப்படிப் பழுக்குது?"

தமயந்தி மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சாதாரண மாங்காய் முத்துனதும் தன் உடம்புக்குள்ளேயே ஒரு வாயுவைச் சமைக்கும்மா. எத்திலீன்னு பேரு. அந்த வாயு பட்டா அது பழுக்கும். வெளிய வந்து பக்கத்துக் காய் மேல பட்டா அதுவும் பழுக்கும்."

"ஒண்ணு மத்ததுக்குச் சொல்லுத மாதிரி."

"அதேதான். தவசிக்கு நாங்க அந்த வாயைக் கட்டிட்டோம். அதால அந்த வாயுவைச் சமைக்க முடியாது. ஆனா காது இருக்கு. அதையும் பாதி அடைச்சு வெச்சிருக்கோம், பக்கத்துல வாழைப்பழம் பழுத்தா முழிச்சிரக் கூடாதுன்னு. பொட்டலத்துல இருந்து பலமா வந்தாத்தான் அதுக்குக் கேக்கும்."

"பாவம்" என்றாள் செலின் பழத்தைப் பார்த்து. "எல்லாம் கேக்கும், ஒண்ணும் சொல்லத் தெரியாது."

பதினேழு வருடத்தில் தவசியை யாரும் பாவம் என்று சொல்லித் தமயந்தி கேட்டதில்லை. பழத்தைக் கையில் வாங்கி, பழக்கத்தில் காம்பை மூக்கருகே கொண்டுபோனாள். மாம்பழ மணத்துக்கு அடியில் வேறு ஒன்று மெல்லிசாக இருந்தது. பூண்டு மாதிரி. அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பழத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வீட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

வீடு கோவிலுக்குப் பின் தெருவில் இருந்தது. செலினின் மாமியார் சலேத்தம்மாள் வாசலில் நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்தவர், வந்தவள் யார் என்று கேட்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒல்லியான, கடலோரத்து வெயிலில் காய்ந்த உடம்பு. உள்ளே சுவரில் செலினின் கணவன் ததேயுவின் படம் இருந்தது. படத்துக்கு மாலை இல்லை.

"எட்டுப் பேரு போனாவ" என்றாள் செலின். "புயல்ல படகு என்ன ஆச்சுன்னே தெரியல, ஒரு பலகைகூட ஒதுங்கல. மத்த ஏழு வீட்டுலயும் ரெண்டாம் வருசமே இறந்தவியளுக்கான பூசை வச்சு முடிச்சுட்டாவ. அதுல ரெண்டு வீட்டுல தவசியப் பச்சையாவே மீன்குழம்புல நறுக்கிப் போட்டுட்டாவ. எனக்கு மனசு வரல." சொல்லிவிட்டு, விருந்தாளிக்குக் குடிக்கக் கலர் வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனாள்.

அவள் தெரு முனை திரும்பியதும் தமயந்தி அடுப்படிப் பக்கம் பார்த்தாள். மூலையில் பெரிய மண்பானை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதை நிமிர்த்தி முகர்ந்தாள். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கார்பைடு கல்லு" என்றாள் தமயந்தி. "எங்க கிடைச்சுதுங்க? இப்பெல்லாம் விக்கிறதே இல்லையே."

சலேத்தம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரவிய ராத்திரி மீன் பிடிக்க கேஸ் விளக்குக் கொண்டு போவாவ. அதுக்கு வாங்குன கல்லு. மெழுகு வச்சு அடைச்ச டப்பாவுல ஒரு பிடி கெடந்துச்சு. அந்தக் காலத்துல மாங்காயப் பழுக்க வைக்க யாவாரிமாரு அதத்தான வைப்பாவ. பானைக்குள்ள ஈரத்துணியில கல்லு, மேல தவசி. மூணு நாளு ஒண்ணும் ஆவல. கல்லக் கூட்டி வச்சேன். ஏழாம் நாளு மஞ்ச கண்டுச்சு."

ஆய்வகத்தில் நூறு வகை வாசனை வைத்துத் தவசியைச் சோதித்திருந்தார்கள். பழைய விளக்குக் கல்லை வைத்துச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. பாதி அடைத்த காதில் அந்தக் கல்லின் வாயு ஓங்கிக் கத்தியிருக்கிறது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"எம் மவன் செத்துட்டாம்மா" என்றார் சலேத்தம்மாள். "பெத்த வயித்துக்குத் தெரியாதா? அந்தப் புயலன்னைக்கே தெரியும். அந்தப் புள்ளைக்கு முப்பத்தொண்ணு வயசு. காய் பச்சையா நிக்குத வரைக்கும் நானும் நிப்பேன்னு நிக்கா. பூசை வைக்க விடல. படிச்ச புள்ள, நாசரேத்து ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்புட்டாவ, போவல. அவிய வந்து பாக்கும்போது வீடு பூட்டிக் கெடந்தா என்ன செய்யன்னு கேக்கா. இந்தக் காய் பழுத்துத் தொலைஞ்சா, அவ தின்னுட்டு ஒரு பாட்டம் அழுதுட்டு எந்திரிச்சிருவான்னு நெனச்சேன். இவ என்னடான்னா அவன் வந்துட்டான்னு சொல்லிக் கடக்கரையில போயி உக்காந்துட்டா. நல்லது செய்யப் போயி நாசமாப் போச்சு."

"அவகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? பெத்தவளே அவன் இல்லன்னு சொல்லிட்டாளேன்னு தெரிஞ்சா அவ என்னை எப்படிப் பாப்பா? எனக்கு இனி அவ ஒருத்திதாம்மா. நீங்க கம்பெனி ஆளு. நீங்க சொன்னா நம்புவா. அது தானாப் பழுக்கும்னு சொல்லிருங்க. நான் செஞ்சதச் சொல்லிராதீய."

தவசி தானாகப் பழுக்காது என்பதுதான் தமயந்தியின் வாழ்க்கை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பதினேழு வருடம் உழைத்தாள், விருது வாங்கினாள், வயலில் விவசாயிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதைத் தன் வாயாலேயே பொய் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் எப்படி இருப்பார்கள்? மேலாளர் சொன்னபடி கையெழுத்து வாங்கினாலோ, யார் பொட்டலம் பிரித்தார்கள் என்ற கேள்வியோடு செலின் ஆயுசுக்கும் அந்த மணலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

கலர் பாட்டில்களோடு செலின் வந்தாள். தமயந்தி பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள். குடித்துவிட்டால் சொல்லத் தைரியம் வராது என்று பட்டது.

"செலின், பழம் தானாத்தான் பழுத்திருக்கு. நாங்க தூங்க வெச்ச மரபணு நாலஞ்சு வருசத்துல முழிச்சுக்கும். எங்களுக்கே இப்பத்தான் தெரிய வருது. அட்டையில போட்டது தப்பு. உன் வீட்டுக்காரர் வரலம்மா. எங்க தப்பு அது. என்னை மன்னிச்சிரு."

செலின் அவளைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். சலேத்தம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காக்கை நெத்திலியை இழுத்துக்கொண்டிருந்தது. அதை விரட்டக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

செலின் அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழத்தை அறுத்தாள். ஒரு கன்னம் மாமியாருக்கு, ஒரு கன்னம் விருந்தாளிக்கு, பக்கத்துச் சீவல்கள் தனக்கு. கொட்டையை ஒரு பீங்கான் தட்டில் வைத்து ததேயுவின் படத்தின் கீழே கொண்டுபோய் வைத்தாள். திரும்பும்போது முழங்கைவரை சாறு வழிந்தது.

"மாமி, வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சாமியார்ட்ட சொல்லிருங்க" என்றாள்.

சலேத்தம்மாள் அப்போதுதான் அழுதார். நான்கு வருடம் அடக்கி வைத்த அழுகை, அந்தச் சின்ன வீடு கொள்ளவில்லை. செலின் போய் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தமயந்தி பழத்தைத் தின்றாள். நான்கு வருடத்து இனிப்பு. அவளும் அழுதுகொண்டேதான் தின்றாள், அதற்கு வெட்கப்படவும் இல்லை.

பேருந்து நிறுத்தம்வரை செலின் கூட வந்தாள். வெயில் சாய்ந்து மணல் மஞ்சளாகியிருந்தது. கோவில் மதில் தாண்டியதும் செலின் சொன்னாள்:

"எனக்கும் மூக்கு இருக்கு அக்கா."

தமயந்தி நின்றுவிட்டாள்.

"கதவத் தொறந்ததும் மாம்பழ வாசம். அந்த ஒரு நிமிசம் நானும் நம்புனேன். அவிய பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டுத்தான் உள்ள போனேன். பொறவு பூண்டு வாசம் வந்துச்சு. எங்க அப்பாவும் கேஸ் விளக்கு வச்சிருந்தாவதான், அந்த வாசம் தெரியாதா? பானையப் பாத்தேன். மாமி கையில கல்லுச் சுட்ட காயமும் பாத்தேன்."

"தெரிஞ்சேவா அவர் வந்துட்டார்னு சொன்ன?"

"வேற என்ன சொல்ல? பெத்த தாயி மவன் இல்லன்னு முடிவு பண்ணி, தன் கையாலயே அந்தக் காயப் பழுக்க வச்சிருக்காவ. அது எம்புட்டு வலிச்சிருக்கும்! நான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சா செத்துருவாவ. அதான் நான் நம்புத மாதிரி இருந்துக்கிட்டேன். வீட்டுல இருந்து அழுதா தெரிஞ்சிரும். கடக்கரையில உக்காந்து அழுதா, இவ காத்திருக்கான்னு நெனச்சுக்கிடுவாவ. ஆனா எத்தன நாளு உக்கார? வெளிய இருந்து ஒரு ஆளு வந்து சொன்னா ரெண்டு பேரும் பொழைச்சோம்னுதான் கடுதாசி போட்டேன். நீங்க எப்படிச் சொல்லுவியளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

பேருந்து வந்தது. செலின் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்களில் இன்னும் மாம்பழப் பிசுபிசுப்பு இருந்தது.

அறிக்கையில் தமயந்தி எழுதியது இரண்டே வரி. "நேரில் பார்த்தேன். பழம் தானாகவே பழுத்தது." மேலாளர் குதித்தார். அட்டையில் வாசகத்தை மாற்ற வேண்டியதாயிற்று, பத்திரிகைகள் எழுதின, தமயந்தியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். அவள் அந்த இரண்டு வரியை மாற்றவில்லை.

அடுத்த மாதமே கடற்கரையிலிருந்து பார்சல்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாங்கொட்டை, ஒரு கடிதம். எங்கள் வீட்டுத் தவசியும் தானே பழுத்துவிட்டது. எட்டு வருடமாக இருந்தது, தானே பழுத்துவிட்டது. மகளுக்காக வைத்தது, தானே பழுத்துவிட்டது. தமயந்தி கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். ஒன்றில் பூண்டு. ஒன்றில் வைக்கோல் புகை. ஒன்றில் சாம்பிராணி, அது எத்தனை நாள் போட்டார்களோ! எல்லாக் கடிதத்துக்கும் அவள் ஒரே பதிலைத்தான் எழுதினாள். "உண்மை. தானே பழுத்தது. வருந்துகிறோம்."

இருபத்திரண்டாவது பார்சலை மூடிவிட்டு அவள் தன் இழுப்பறையைத் திறந்தாள். ஆறு வருடத்துத் தவசி பச்சையாக, பளபளவென்று, எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே அதன் பொட்டலம். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, காயை வைத்து, பொட்டலத்தைக் கிழித்து உள்ளே போட்டு மூடினாள். பிறகு பெர்லினுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, நம்ம தவசி பழுக்க ஆரம்பிச்சிருச்சு."

"என்னம்மா சொல்றீங்க? பிரிச்சுட்டீங்களா?"

"இல்ல. தானாவே."

"தானாவா? அது பழுக்கவே பழுக்காதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

தன் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி ஆதிரை பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"எத்தனை நாள் தாங்கும்மா?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"ஒரு வாரம். அதுக்கு மேல நிக்காது கண்ணு."

பிறகு தூரத்தில் கணினியின் பொத்தான்களை யாரோ அவசரமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமை ஒரு ஃபிளைட் இருக்கு" என்றாள் ஆதிரை. "அதுவரைக்கும் அந்த டப்பாவைத் திறக்காதீங்க."

தான் டப்பா என்று சொல்லவே இல்லையே என்பது போனை வைத்த பிறகுதான் தமயந்திக்கு உறைத்தது.